முதல் ஆசிரியனைத் தேடும் அரசு

ரோலண்ட் பார்த்தின் 'ஆசிரியன் இறந்துவிட்டான்' நம் சிற்றிதழ்களில் பட்ட பாடு தெரிந்ததுதான். ஆமாம் செத்துட்டான் என்று கொஞ்சப் பேர், அப்ப ராயல்ட்டி யாருக்கு என்று கொஞ்சப் பேர். அந்தச் சத்தத்தில் 1969இல் ஃபூக்கோ சொன்ன ஒன்று அமுங்கிப் போனது. எழுதியவனைத் தண்டிக்கலாம் என்ற நிலை வந்த பிறகுதான் பிரதிகளுக்கு ஆசிரியர்கள் வந்து சேர்ந்தார்கள் என்றார் அவர். ஆசிரியன் என்பது பெருமைக்குரிய பெயராவதற்கு முன்னால், பிடித்து உள்ளே போடுவதற்கான பெயராக இருந்திருக்கிறது. இந்தக் கருத்துக்கு இந்தியச் சட்டவிதி ஒன்று இன்று உரை எழுதிக்கொண்டிருக்கிறது.

2021 பிப்ரவரியில் ஒன்றிய அரசு அறிவித்த தகவல் தொழில்நுட்ப விதிகளில் 4(2) என்று ஒன்று. 50 லட்சத்துக்கும் மேல் பயனர்களைக் கொண்ட செய்திச் செயலிகள், நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால், ஒரு செய்தியை முதலில் தோற்றுவித்தவர் யார் என்று காட்டித்தர வேண்டும். அந்த ஆள் வெளிநாட்டில் இருந்தால்? இந்தியாவுக்குள் அதை முதலில் அனுப்பியவரே முதலாமவராகக் கருதப்படுவார். 'கருதப்படுவார்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். ஆசிரியன் கிடைக்காவிட்டால் ஒருவரை ஆசிரியராக நியமித்துக்கொள்ள விதியே வழி செய்கிறது.

இது நேராகப் போய் முட்டுகிற இடம் எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன், அதாவது முனைக்கு முனை மறையாக்கம். சிக்னல் செயலியின் நெறிமுறையை எடுத்துக்கொண்டு வாட்ஸ்அப் 2016 ஏப்ரலில் இதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது. சாவிகள் பேசுகிறவர்களின் போன்களில் மட்டும் இருக்கும். நடுவிலுள்ள சர்வர் பூட்டிய பெட்டியைச் சுமக்கும். திறக்க அதனால் முடியாது. இது பலருக்கும் தெரிந்த பாதி.

அதிகம் பேசப்படாத பாதி ஒன்று உண்டு. 1991இல் வந்த பிஜிபி, செய்தியைப் பூட்டுவதோடு டிஜிட்டல் கையொப்பம் போடவும் வழி செய்தது. அந்தக் கையொப்பத்தை எவரிடமும் காட்டி 'இதை எழுதியது இவன்தான்' என்று நிரூபிக்கலாம். ரகசியம் காக்கப்பட்டது, ஆனால் ஆசிரியன் மாட்டிக்கொண்டான். 2004இல் நிகிடா போரிசோவ், இயன் கோல்ட்பர்க், எரிக் புரூவர் ஆகிய மூவரும் இதற்கு மாற்று ஒன்றை முன்வைத்தார்கள். சிக்னல் அந்த வழியில் வந்தது. இதில், பெறுகிறவருக்கு அனுப்பியவர் யார் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாம் ஆளிடம் அதை நிரூபிக்க அவரிடம் கணிதச் சான்று கிடையாது. சரிபார்க்கும் சாவி இருவரிடமும் ஒன்றே என்பதால், அந்தச் செய்தியை அவரே தயாரித்திருக்கவும் முடியும். டீக்கடை பெஞ்சில் ரெண்டு பேர் பேசிக்கிட்ட மாதிரிதான். ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் காட்டலாம், போனையே பறிமுதல் செய்யலாம். கணிதம் மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறாது. பேச்சுக்கு உரிய இந்தத் தன்மையை எழுத்துக்குத் திருப்பித் தந்ததுதான் இந்த நெறிமுறையின் சாதனை.

'நல்லாத்தான் இருக்கு உங்க தத்துவம், செத்தவங்களுக்கு என்ன பதில்?' என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளை பிடிக்க வந்தவர் என்று ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். ஜூலை 1 அன்று மகாராஷ்டிரத்தின் தூலே மாவட்டத்தில் அதே வதந்தியால் ஐந்து பேர் கொல்லப்பட்டார்கள். அந்த ஆண்டு சுற்றிய வீடியோக்களில் ஒன்று, கராச்சியில் குழந்தைகளின் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். விஷயத்தை விளக்கும் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டார்கள். இப்போது சொல்லுங்கள், இதன் முதல் ஆசிரியன் யார்? எடுத்தவரா, வெட்டியவரா, 'நம்ம ஊருக்கும் வந்துட்டாங்க' என்று ஒரு வரி சேர்த்தவரா? வதந்தி வாய்மொழிப் பிரதி. கை மாறும்போதெல்லாம் அது மறுபடி எழுதப்படுகிறது. பழமொழிக்கு ஆசிரியன் தேடுகிற வேலைதான் இதுவும். விதிப்படி பார்த்தால் இந்தியாவில் முதலில் அனுப்பியவர் சிக்குவார். பயந்துபோன ஒரு தாயாகக்கூட அவர் இருக்கலாம்.

தொழில்நுட்ப வழியும் பேசப்பட்டது. 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், ஒவ்வொரு செய்தியோடும் தோற்றுவித்தவரின் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்றார் ஐஐடி மெட்ராஸின் வி. காமகோடி. ஐஐடி பம்பாயின் மனோஜ் பிரபாகரன் அதை மறுத்தார். வழக்கு அந்த ஆண்டே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இதற்கிடையே வேறொன்று நடந்தது. 2018 ஜூலையில் வாட்ஸ்அப் இந்தியாவில் ஒரு தடவைக்கு ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி ஆக்கியது. 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திக்கு அது ஒரே ஒருவர் என்றானது. யார் பெயரையும் கேட்காமல், எதையும் திறந்து பார்க்காமல், வதந்தியின் வேகத்தில் கைவைக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இதனால் கம்பெனி நம் தோழனாகிவிடாது. 2021 மே மாதம் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன வாட்ஸ்அப், மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் நாட்டைவிட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் சொன்னது. அந்தரங்கத்தின் மேல் அப்படியொரு பாசம்! கடிதத்தைத்தான் அதனால் படிக்க முடியாது. உறையின் மேலிருப்பதை, யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்பதை, அது அறியும். பேக்கப்பை மறையாக்கும் வசதி 2021இல்தான் வந்தது, அதையும் நாமே போய் இயக்க வேண்டும்.

விதி கடுமையான குற்றங்களுக்கு மட்டும் என்பார்கள். அந்தப் பட்டியலில் 'பொது ஒழுங்கு' இருக்கிறது. எந்தப் பக்கமும் இழுக்கலாம் அந்தச் சொல்லை. ராத்திரி மணல் லாரியைப் படமெடுத்து முதலில் அனுப்புகிறவரும் 'முதலில் தோற்றுவித்தவர்'தான். ஊழலை, ஊர் அநியாயத்தை முதலில் சொல்கிறவர் எல்லாருமே அப்படித்தான். 2017இல் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னபோது, அந்த உரிமை மறைக்க ஏதோ இருக்கிற ஒரு தனிமனிதரின் சொத்தாகவே பலருக்குப் பட்டது. ஆனால் மறையாக்கத்துக்கு எப்போதும் இரண்டு முனைகள் வேண்டும். காக்கப்படுவது இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் நம்பிக்கை. முதல் ஆசிரியனைக் கேட்கிற அரசு, அந்த இருவரில் ஒருவரை மற்றவருக்கு எதிரான சாட்சியாக்கப் பார்க்கிறது.