காரணமும் கேட்போரும்: பாரதியின் சொந்த வெளியீட்டு முயற்சிகளில் நூலாக்க உந்துதல்

திறவுச்சொற்கள்: பாரதி, பாயிரம், சீட்டுக்கவி, சொந்த வெளியீடு, வாசகர்

பதிப்பாளரின் துணையின்றித் தம் நூலைத் தாமே அச்சிடும் ஆசிரியரை எழுதத் தூண்டுவது எது என்னும் வினாவுக்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே தரப்படுகின்றன. ஒன்று புகழாசை, மற்றொன்று வேறு வழியின்மை. பாரதியைப் பொறுத்தவரை இரண்டாம் விடையே வழக்கமாகிவிட்டது. அவருடைய வெளியீட்டு முயற்சிகள் வறுமையின் கதையாகச் சொல்லப்படுகின்றன. 1920 இல் அவர் விடுத்த சுற்றறிக்கை இரக்கத்திற்குரிய ஒரு கனவாகப் படிக்கப்படுகிறது. வறுமை உண்மையே. ஆயினும் வறுமை ஒருவர் ஏன் பணம் தேடினார் என்பதை விளக்குமேயன்றி, ஏன் அந்த நூலை அந்த நடையில் எழுதினார் என்பதை விளக்காது.

தமிழ் இலக்கண மரபு இவ்வினாவை முன்பே எழுப்பியுள்ளது. நன்னூல் சிறப்புப்பாயிரத்திற்கு உரியனவாகக் கூறும் செய்திகளுள் 'கேட்போர்', 'பயன்' ஆகியன இடம்பெறுகின்றன. காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வாரும் உளர் என்று அது குறிப்பிடுகிறது. நூல் யாருக்காக, எதனால் தோன்றியது என்பது நூலைப் புரிந்துகொள்வதற்கு வேண்டிய செய்தி என்பதே இதன் பொருள். ஆனால் அப்பாயிரத்தை ஆசிரியர் தாமே செய்துகொள்வதில்லை. அவருடைய ஆசிரியர், உடன்கற்றவர், மாணாக்கர், உரைகாரர் ஆகியோருள் ஒருவரே செய்வர். சொந்தமாக நூல் வெளியிடும் நவீன ஆசிரியருக்கு இந்நால்வரும் எளிதில் வாய்ப்பதில்லை. காரணத்தை அவரே கூறியாக வேண்டும். எனவே பாரதியின் முன்னுரைகளையும் காணிக்கைகளையும் அவர் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட பாயிரங்களாகக் கொள்ளலாம்.

1907 இல் பாரதியின் மூன்று பாடல்களை வி.கிருஷ்ணசாமி ஐயர் 15,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கச் செய்தார். அரசியலில் அவர் மிதவாதி. பாரதி தீவிரவாத அணியினர். கருத்தால் மாறுபட்ட ஒருவரே முதல் புரவலரானது வியப்புக்குரியது. அடுத்த ஆண்டு 'ஸ்வதேச கீதங்கள்' தொகுப்பைப் பாரதி தாமே வெளியிட்டு, நிவேதிதா தேவிக்குக் காணிக்கையாக்கினார். தம் பாடல்களைப் பாரத தேவியின் அடிகளில் இடும் மணமற்ற மலர்கள் என்று அதன் முன்னுரை அடக்கத்துடன் குறிக்கிறது. சிவபெருமான் சாக்கியர் எறிந்த கற்களையும் மலர்களாக ஏற்றதை அதற்குத் துணையாகக் காட்டுகிறது. இங்குக் காரணம் பக்தி. கேட்போர் தெய்வமாக உருவகிக்கப்பட்ட நாடு. வாங்கிப் படிக்கும் மனிதர் இன்னும் தோன்றவில்லை.

அம்மனிதர் தோன்றுவது 1912 இல் வெளிவந்த 'பாஞ்சாலி சபதம்' முதற்பாகத்தில். அதற்கு முந்தைய ஆண்டுதான் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய அவருடைய நூல்களுக்குச் சென்னை அரசு தடை விதித்திருந்தது. புதுச்சேரியில் இருந்த கவிஞருக்கும் பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த வாசகருக்கும் இடையே சட்டம் நின்ற காலம் அது. அக்காலத்தில் எழுதப்பட்ட முன்னுரை, ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கம் உடையவர்க்கும் பொருள் விளங்கவேண்டும் என்று கேட்போரின் கல்வியையே அளவிட்டுக் கூறுகிறது. எளிய சொல், எளிய நடை, பொதுமக்கள் விரும்பும் மெட்டு என்னும் அதன் கோட்பாடு கவிதையியல் அறிக்கையாகவே இதுவரை போற்றப்பட்டுள்ளது. அது வெளியீட்டாளர் ஒருவரின் கணிப்பும் ஆகும். யார் படிப்பார் என்பதைப் பதிப்பாளரிடம் விட்டுவிட முடியாத நிலையில் அக்கவலை யாப்பிற்குள்ளேயே நுழைந்துவிடுகிறது.

எனினும் அதே நூலின் காணிக்கை வேறு திசையில் செல்கிறது. இனிப் பிறந்து காவியம் செய்யப்போகும் கவிகளுக்கும், அவர்களுக்கு உதவப்போகும் பிரபுக்களுக்கும் அது படைக்கப்பட்டுள்ளது. முன்னுரை பொதுமக்களை நோக்க, காணிக்கை இன்னும் பிறவாத புரவலரை நோக்குகிறது. இம்முரணைப் பாரதி இறுதிவரை தீர்த்துக்கொள்ளவில்லை. 1919 இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்கு விடுத்த சீட்டுக்கவிகளில் சால்வை, பொற்பை, பல்லக்கு என்று பழைய அரசவைப் பரிசில்களையே அவர் கேட்கிறார். புரவலரிடமிருந்து சந்தைக்குச் சென்ற நேர்க்கோட்டு வளர்ச்சி என்று இவ்வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு இச்சீட்டுக்கவிகள் இடையூறாகவே அமையும்.

ஓராண்டு இடைவெளியில் எழுந்த 1920 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின் மொழியோ முற்றிலும் வேறு. கையெழுத்துப் படிகளை 40 நூல்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் 10,000 படிகள் அச்சிடுவது திட்டம். அதாவது மொத்தம் 4,00,000 படிகள். அவை மண்ணெண்ணெய், தீப்பெட்டி போல விற்பனையாகும் என்பது அவர் நம்பிக்கை. நண்பர்களிடம் அவர் கேட்டது நன்கொடையன்று. பத்திரம் எழுதித் தந்து வட்டியுடன் திருப்பித்தரும் கடன். இங்கு உவமையே முதன்மையான சான்று. முன்னர் மலர்களாக இருந்த நூல்கள் இப்போது ஒவ்வொரு வீட்டிலும் நாள்தோறும் தீர்ந்து மீண்டும் வாங்கப்படும் பொருள்களாகின்றன. விளக்கெரிக்கவும் அடுப்பு மூட்டவும் வேண்டியவற்றோடு தம் நூலை வைத்த கவிஞரிடம் புகழாசையை மட்டும் காண்பது குறைந்த வாசிப்பே.

அச்சுற்றறிக்கையில் தற்புகழ்ச்சி இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் தமக்குள்ள மதிப்பை விற்பனைக்குரிய காரணங்களுள் ஒன்றாகவே அவர் எண்ணுகிறார். நன்னூல் தற்புகழ்ச்சியை விலக்கினும், புலவர்க்கு அது தகும் இடங்கள் சிலவற்றையும் வகுக்கிறது. அரசவைக்கு விடுக்கும் ஓலை அவற்றுள் ஒன்று. தம் ஆற்றலை அறியாதார் நடுவில் நிற்கும் நிலை மற்றொன்று. சீட்டுக்கவி முதல் விலக்கிற்குள் இயல்பாக அடங்கும். முகமறியாத வாங்குவோரை நோக்கிய விளம்பரமோ இரண்டாவதற்குள் அடங்குவது. சொந்த வெளியீட்டாளர் எப்போதும் நிற்கும் இடமும் அதுவே.

கணிப்பு பொய்த்தது, கடன் திரளவில்லை, 1921 செப்டம்பரில் பாரதி மறைந்தார். செல்லம்மாள் பாரதி தொடங்கிய பாரதி ஆச்ரமம் 1922 இல் 'ஸ்வதேச கீதங்கள்' நூலை மீண்டும் வெளியிட்டது. 'பாஞ்சாலி சபத'த்தின் இரண்டாம் பாகம் 1924 இல்தான் அச்சேறியது. முதற்பாகம் சூதாட்டச் சருக்கத்தோடு நின்றுவிடுகிறது. ஓரிரண்டு ஆண்டு நூற்பழக்கம் உடையவராக 1912 இல் கருதப்பட்ட அந்த வாசகர், பன்னிரண்டு ஆண்டுகள் கையில் வைத்திருந்தது சபதம் இல்லாத 'பாஞ்சாலி சபதம்'.