பொத்தானைக் காட்டினால் போதுமா? வேர்ட்பிரஸ் தொடக்கநிலை வழிகாட்டிகள்: ஒரு பார்வை



பாடத்துக்கென இணையத்தளம் தொடங்குபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். இடுகைக்கும் பக்கத்துக்கும் என்ன வேறுபாடு? தமிழில் தலைப்பு வைத்தால் முகவரி ஏன் இப்படி நீளுது? வார்ப்புருவை மாற்றினால் எழுதினதெல்லாம் போயிடுமா? மாணவர்களை எழுத விடலாமா?

2003இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் இன்று மிகப் பரவலாகப் பயன்படும் உள்ளடக்க மேலாண்மை முறைமை. அதற்குத் தமிழில் வழிகாட்டிகளும் காணொளிகளும் இருக்கின்றன. நிறுவும் படிகளை அவை தெளிவாகவே காட்டுகின்றன. ஆனால், மேலே சொன்ன கேள்விகள் வரும்போது "இந்தப் பொத்தானை அழுத்துங்க, அவ்ளோதான்" என்று பலவும் முடித்துவிடுகின்றன. எதற்காக அழுத்துகிறோம் என்பது விடுபட்டுப்போகிறது. அந்தக் குறைதான் பின்னால் மாணவரைப் பாதிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பினாங்கு ஜார்ஜ்டவுனின் சூலியா தெருவைப் பற்றிப் படிவம் 5 மாணவர்கள் ஒரு தளம் அமைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தமிழ் முஸ்லிம்களைக் குறித்த 'சூலியா' என்ற பெயரைத் தாங்கிய தெரு அது. நாகூர் தர்கா அங்கேதான் இருக்கிறது. 2008இல் யுனெஸ்கோ உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்த பகுதிக்குள் வருகிறது. எழுத நிறைய இருக்கு.

முதல் கேள்வி, இடுகையா பக்கமா? "செய்திக்கு இடுகை, மற்றதுக்குப் பக்கம்" என்பது வழக்கமான விடை. தவறில்லை, ஆனால் போதாது. இடுகைகள் நாள் வரிசையில் அடுக்கப்படும். புதியது வர வரப் பழையது கீழே போய்விடும். பக்கம் அப்படி நகராது. "வரும் சனிக்கிழமை தெரு உலா" என்பது இடுகை. "நாகூர் தர்காவின் வரலாறு" என்பது பக்கம். ஆண்டுத் தொடக்கத்தில் மாதிரித் தேர்வுத்தாளை இடுகையாகப் போட்டுவிட்டால், தேர்வு நெருங்கும்போது தேடி வரும் மாணவர் கண்ணில் அது படவே படாது.

இரண்டாவது, முகவரி. தமிழின் ஒவ்வொரு குறியீடும் இணைய முகவரியில் 9 எழுத்துகளாக மாறும். 'சூ' என்பதில் 'ச' ஒரு குறியீடு, அதன் துணைக்குறி இன்னொன்று. ஆக, 'சூலியா-தெரு' என்பதற்கு மட்டும் 91 இடம் வேண்டும். வேர்ட்பிரஸ் இந்தப் பகுதிக்குத் தரும் இடமோ 200தான். "பினாங்குச் சூலியா தெருவில் தமிழ் முஸ்லிம்கள்" என்று தலைப்பிட்டால், முகவரி 'பினாங்குச்-சூலியா-தெருவி' என்று அறுந்து நிற்கும். இதை விளக்காமல் "தலைப்பை ஆங்கிலத்துல வைங்க" என்று சொல்லும் அறிவுரையை ஏற்க வேண்டாம். தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். முகவரிப் பகுதியை மட்டும், வெளியிடுவதற்கு முன்பே, ஓரிரு சொல்லாகச் சுருக்கிக்கொள்ளுங்க.

மூன்றாவது, வார்ப்புரு. அதை மாற்றினால் கட்டுரைகள் போகாது. அவை தரவுத்தளத்தில் இருக்கின்றன. தோற்றம்தான் மாறும். பட்டிகளையும் பக்கப்பட்டையையும் மறுபடி ஒழுங்குபடுத்த வேண்டி வரலாம். உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கு. தளத்தைத் தொடங்கிய ஆசிரியர் மாற்றலாகிப் போனால், கடவுச்சொல்லும் அவரோடு போய்விடும். நிருவாகிகள் இருவராவது இருக்க வேண்டும். 'ஏற்றுமதி' செய்து வைத்த கோப்பை முழு நகல் என்று நம்பவும் கூடாது. அதில் எழுத்து இருக்கும், படங்களின் முகவரி இருக்கும், படங்கள் இருக்காது. பழைய தளம் மூடப்பட்டால் மாணவர்கள் எடுத்த சூலியா தெருப் படங்கள் அத்தனையும் போச்சு. பதிவேற்றக் கோப்புறையைத் தனியாக நகலெடுத்து வையுங்கள்.

நான்காவது, மாணவர் பங்கு. எல்லாருக்கும் நிருவாகி உரிமை கொடுப்பதும் தவறு, ஒருவருக்கும் கொடுக்காமல் ஆசிரியரே தட்டச்சு செய்வதும் தவறு. 'பங்களிப்பாளர்' என்ற பொறுப்பு இதற்கென்றே இருக்கிறது. அவர் எழுதலாம், வெளியிட முடியாது. நீங்கள் பிழை திருத்திய பிறகே கட்டுரை வெளியே போகும். படமேற்றும் உரிமையும் அவருக்கு இல்லை. அதை நீங்கள் செய்து கொடுக்க வேண்டும்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: தேடினால் நம் பக்கம் கிடைக்குமா? பயிற்றிகளைப் படமாக்கி ஒட்டிவிட்டால் தேடுபொறிக்கு உள்ளிருக்கும் தமிழைக் கண்டெடுப்பது கடினம். பார்வையற்ற மாணவரின் திரைவாசிப்பானும் அங்கே தடுமாறும். ஒருங்குறியில் தட்டச்சு செய்யுங்க. 'சூலியா தெரு' என்று எழுதும்போது 'லெபு சூலியா' என்ற மலாய்ப் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்க. இரண்டு பெயரிலும் தேடுவோர் இருக்கிறார்கள்.

அடுத்து ஒரு வழிகாட்டியைத் திறக்கும்போது, அது பொத்தானைக் காட்டியதும் நிறுத்தி, "இது யாருக்குப் பயன்படும், எத்தனை நாளைக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு விடை இல்லையென்றால் வேறொன்றைத் தேடுங்கள். பிறகு உங்கள் தளத்தில் கடந்த ஆண்டு போட்ட தேர்வுத்தாள் ஒன்றை, மாணவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறாரோ அங்கிருந்து திருத்தத் தொடங்கலாம்.