மெய்ப்பொருள் நாயனாரும் முறைசெய்தலும்

அட்ட வீரட்டங்களுள் ஒன்றாகிய திருக்கோவலூர், 2019-ஆம் ஆண்டில் அமைந்த கள்ளக்குறிச்சி மாவட்டத்தின்கண் உள்ளது. அங்கிருந்து அரசாண்ட மெய்ப்பொருள் நாயனாரது சரிதத்தைப் படிப்போருட் சிலர், தன்னைக் கொன்றவனைத் தண்டியாது விடுத்தது அருளாகலாம், அரசமுறை ஆகுமோ என்று வினவுவர். வினா புறந்தள்ளற்பாலதன்று. சேக்கிழார் பெருமானும் சோழப் பேரரசின் அமைச்சராயிருந்தவர். முறைசெய்தலின் அருமை அறியாதவரல்லர்.

போரிற் பலகாலும் தோற்ற முத்தநாதன், மெய்யெலாம் நீறு பூசி, ஏட்டுக்கட்டினுட் படைக்கலம் மறைத்து இரவில் வருகின்றான். காவலனாகிய தத்தன், இது காலமன்று என்கின்றான். நாயனாரோ, கிடைத்தற்கரிய ஆகமம் கொணர்ந்தார் எனக் கேட்டு மகிழ்ந்து, அவனை உயர்ந்த தவிசில் இருத்தித் தாம் தாழ அமர்கின்றார். குத்துண்ட பின்னும் தொழுதே வீழ்கின்றார். வாளோங்கிய தத்தனைத் தடுத்து, அவர் நம்மவர் என்று கூறி, ஊறின்றிக் கொண்டுபோய் விடுமாறு பணிக்கின்றார்.

வழக்கின் தீர்ப்பு முழுதும் அவ்வொரு சொல்லில் அடங்கிக் கிடக்கின்றது. தத்தன் தன்னைக் காவலனென்றே உணர்ந்தான், பகைவனைக் கண்டான். நகரமாந்தர் தம்மைக் குடிகளென்று உணர்ந்தனர். அரசனைக் கொன்றவனைக் கண்டனர். நாயனார் தம்மை அடியார் என்று உணர்ந்தவர். வேடமே மெய்ப்பொருள் எனப் பயின்ற மரபு, தாம் யாவர் என்பதனையும் முறை யாது என்பதனையும் அவர்க்கு ஒருங்கே வகுத்துத் தந்தது. இஃது அறியாமையன்று, குத்திய கையை அவர் கண்டே இருந்தார். (ஏனாதிநாத நாயனாரும் பகைவன் நெற்றியில் நீறு கண்டு போரைக் கைவிட்டார், ஆயினும் படையில்லாதவனைக் கொன்ற பழி அவனைச் சாராவண்ணம் வாளேந்தியே நின்றார். பகைவன் பழிக்கு இரங்கிய அந்நுட்பம் வேறெங்கும் காண்டற்கரிது.)

ஆயினும் இதனைப் பொதுவிதியாகக் கொள்வார் பெரியபுராணத்தைப் பாதி படித்தவரேயாவர். அந்நூலின் திருநகரச் சிறப்பிலேயே, கன்றிழந்த பசுவின் பொருட்டு மனுவேந்தன் தன் மகன்மேல் தேரூர்ந்தான். அமைச்சர் கழுவாய் சொல்லினர், ஏற்றிலன். தன்மேற்பட்ட புண்ணை ஒருவன் பொறுக்கலாம். பிறிதோருயிரின் புண்ணைப் பொறுக்க அவனுக்கு உரிமை யாது?

இவ்வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. திருக்கோவலூர்க்கு மேற்கே கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகீர்தார்களின் ஆட்சி நடந்தது. காஞ்சியினின்று வந்தவர் தம் முன்னோர் என்று கூறும் மலையாளி மக்கள், தலைமுறை தலைமுறையாக அவர்க்குக் கூலியின்றி உழைத்தனர். அங்கும் மரபே தீர்ப்பு எழுதிற்று. ஏவல் செய்யப் பிறந்தேம் என்று ஒருவனை நினைப்பிக்கும் வழக்கம், கொடுமையையும் முறைபோலக் காட்டவல்லது. ஆனால் நாயனார் தம் அடிமையைத் தாமே விரும்பி மேற்கொண்டவர்; மலைமக்கள்மேல் அது பிறரால் ஏற்றப்பட்டது. அன்னோரை நோக்கி நாயனாரது பொறையைக் காட்டிப் பொறுமின் என்பது, திருவாரூர்த் தேர்வீதியை மறந்தார் கூற்றேயாகும்.

தத்தன் மீண்டு வந்து, அவனை ஊறின்றி விடுத்தேன் என்னுமளவும் நாயனார் உயிர்தாங்கியிருந்தார். பின்னர் அரசுரிமையோர்க்கும் தேவியர்க்கும் அவர் பணித்தது திருநீற்றின்கண் அன்பைப் பேணுக என்பதே. குடிகள் படும் தீங்கையும் பொறுத்திருக்க என்று விதித்திலர்.