பட்டியலில் இல்லாத கட்டம்: மருந்தைத் திரும்பப் பெறுவது பற்றி ஒரு விமர்சனக் குறிப்பு

வழக்கமாக இங்கே செஞ்சிக் கோட்டையைப் பற்றித்தான் எழுதுவேன். இந்தக் குறிப்பு அதிலிருந்து விலகியது. நான் மருத்துவனும் இல்லை, மருந்தாளுநரும் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருஷத்துக்கு மேலாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவன். ஒரு விதியையும் ஒரு பட்டியலையும் எனக்குத் தெரிந்த முறையில் படித்துப் பார்த்தேன். அதன் விமர்சனம்தான் இது.

2025 அக்டோபர் 4, சனிக்கிழமை. பூஜை விடுமுறைக்குச் செஞ்சிக்கு வந்திருந்தேன். காலையில் தங்கச்சி திண்டிவனத்திலிருந்து போன் பண்ணினாள். "அண்ணா, டிவில காட்றாங்களே இருமல் மருந்து, பாப்பாவுக்குப் போன மாசம் வாங்கினது அதுவான்னு பயமா இருக்கு." பாட்டிலை எடுத்துப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். வேற கம்பெனி. அப்பாடா என்று இருந்தது. ஆனால் அடுத்து அவள் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை: "அதுவா இருந்திருந்தா, நமக்கு யாரு வந்து சொல்லியிருப்பாங்க?"

டிவியில் காட்டியது கோல்ட்ரிஃப். காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் இருந்த ஸ்ரேசன் பார்மசூட்டிகல்ஸ் தயாரித்தது. மத்தியப் பிரதேசம் சிந்த்வாரா பக்கம் சின்னக் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து ஒவ்வொன்றாக இறந்தார்கள். எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. அங்கிருந்து தகவல் வந்த அக்டோபர் 1 அன்றே தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலைக்குப் போய் மாதிரி எடுத்தது. ஆயுத பூஜை, மறுநாள் காந்தி ஜெயந்தி, இரண்டும் விடுமுறை. ஆனாலும் சென்னை அரசு ஆய்வகம் உடனே முடிவைச் சொல்லிவிட்டது: எஸ்.ஆர்.-13 என்ற பேட்சில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால். இதற்கு அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம். அந்த பாட்டிலில் ஏறக்குறைய பாதி விஷம்.

இந்த வேகத்தைப் பாராட்டாமல் மேலே போவது நியாயமில்லை. அரசு ஆய்வாளர் அறிக்கை தர அப்போது விதிப்படி 60 நாள் அவகாசம் இருந்தது. நம்ம ஆட்கள் அதை ஓரிரு நாளில் முடித்தார்கள். விற்பனைக்குத் தடை, உற்பத்திக்குத் தடை, கொஞ்ச நாளில் உரிமம் ரத்து, உரிமையாளர் கைது. கண்டுபிடிப்பதும் நிறுத்துவதும் நடந்தது. அதுக்கு அப்புறம் வரவேண்டிய வேலை, அதாவது வெளியே போன சரக்கைத் திரும்ப எடுப்பது, அதில்தான் எனக்குக் கேள்வி.

விதி என்ன சொல்கிறது

மருந்து விதிகள் 1945-இல், 74-ஆம் விதியில் உற்பத்தியாளருக்கான நிபந்தனைகள் இருக்கின்றன. ஒரு பேட்ச் தரமில்லை என்று அதிகாரி சொன்னால் மிச்சத்தை விற்பனையிலிருந்து எடுக்க வேண்டும். ஏற்கெனவே அனுப்பியதை, அந்தச் சூழ்நிலையில் நடைமுறைக்கு ஒத்துவருகிற அளவுக்குத் திரும்பப் பெற வேண்டும். அந்த 'ஒத்துவருகிற அளவுக்கு' என்பதைக் கவனியுங்கள். அளவு எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லை. என் தொழிலில் இப்படி ஒரு நிபந்தனை எழுதிக் கொடுத்தால், எதைச் செய்தாலும் 'முடிந்தது' என்று காட்டிவிடலாம்.

இந்த ஓட்டையை அடைக்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. நல்ல ஆவணம்தான். ஆபத்தைப் பொறுத்து மூன்று வகுப்பு. உயிருக்கு ஆபத்து என்றால் முதல் வகுப்பு: 24 மணி நேரத்துக்குள் விற்பனையை நிறுத்தணும், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் சரக்கை எடுக்கணும். இரண்டாவதற்கு 10 நாள், மூன்றாவதற்கு 30 நாள். எவ்வளவு தூரம் போய் எடுப்பது என்பதற்கும் மூன்று படி: மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, உபயோகிப்பவர்.

அந்த மூன்றாவது படியில்தான் தங்கச்சி நிற்கிறாள். அங்கே போக வழி டிவியும் பேப்பரும் மட்டும்தானா?

இல்லை, விதியிலேயே வேறு வழி இருக்கிறது. 65-ஆம் விதிப்படி மருத்துவர் சீட்டுக்குக் கொடுக்கிற மருந்துக்கு நோயாளியின் பெயர், முகவரி பதிவாக வேண்டும். ஷெட்யூல் 'எச்' மருந்தென்றால் பேட்ச் நம்பரும் சேர வேண்டும். அதாவது 'இந்த பேட்ச் யார் யார் வீட்டுக்குப் போனது' என்ற கேள்விக்கான பதில் ஒவ்வொரு மருந்துக்கடையிலும் இருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கிறது. திரும்பப் பெறும் வழிகாட்டியை எழுதியவர்கள் இந்தப் பதிவேட்டை நம்பித்தான் மூன்றாவது படியை வைத்திருக்க முடியும்.

கடையில் என்ன இருக்கிறது

அன்று சாயங்காலம் வழக்கமாக அம்மாவுக்கு மாத்திரை வாங்கும் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம், இது அந்த ஒரு கடையின் கதை மட்டும் இல்லை. "அது நம்மகிட்ட இல்ல சார், காலையிலயே பாத்துட்டேன்" என்றார் கடைக்காரர். எப்படித் தெரியும் என்று கேட்டேன். வாட்ஸ்ஆப்பில் வந்ததாம். அதிகாரபூர்வமாக? ஸ்டாக்கிஸ்ட் மூலம் வரலாம், வராமலும் போகலாம். வந்தால் அந்தச் சரக்கைத் தனியாக எடுத்து வைத்துத் திருப்பி அனுப்புவார். பணம் கிரெடிட் நோட்டாக எப்போ வருமோ அப்போ வரும். காலாவதிச் சரக்குக்கும் இதே பாதைதான்.

அவருடைய கணினியில் சரக்கு விவரம் ஒழுங்காகவே இருந்தது. வாங்கின பில், பேட்ச், காலாவதித் தேதி எல்லாம் உண்டு. விற்ற பக்கம்தான் பிரச்சினை. பாதிப் பேர் பில் கேட்பதில்லை. நோயாளி பெயர் இருக்கும் இடத்தில் 'கேஷ்'. மூன்று பேட்ச் இருந்தால் கணினி முதலில் காட்டுவதில் கழித்துவிடுகிறார், கையில் எடுத்துக் கொடுத்தது வேறாக இருக்கலாம். சந்தை போலக் கூட்டம் நிற்கும்போது அவர் வேறென்ன செய்வார்?

வீட்டுக்கு வந்து அம்மாவின் டப்பாவைத் திறந்தேன். பிரஷர், சுகர், தைராய்டு. ஆறு துண்டு அட்டைகள். நான்கில் பேட்ச் நம்பர் அச்சிட்ட முனையே இல்லை, யாரோ வெட்டி வாங்கிப் போயிருக்கிறார்கள். நாளைக்கு இந்த மருந்தில் ஒன்று தரமில்லை என்று அறிவித்தால், அம்மா சாப்பிடுவது அதுவா என்று உலகத்தில் யாராலும் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொன்னேன். "இத்தினி வருஷமா அவருகிட்டதான் வாங்கறோம், அவரு கெட்டது குடுப்பாரா?" என்றார். குடுக்க மாட்டார். அவருக்கே தெரியாது என்பதுதான் விஷயம்.

பட்டியலை ஓட்டிப் பார்த்தேன்

ஒவ்வொரு மாதமும் தரமில்லாதவை என்று ஒரு பட்டியல் வெளிவருகிறது: மருந்தின் பெயர், பேட்ச், தயாரித்த தேதி, காலாவதி, கம்பெனி, என்ன குறை, எந்த ஆய்வகம். கடைக்காரர் தன் சரக்கை எக்செல்லில் எடுத்துக் கொடுத்தார், இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான வரிகள். சில மாதப் பட்டியல்களை அதோடு பொருத்திப் பார்க்க ஒரு சின்ன நிரல் எழுதினேன்.

பாதி நாள் பொருத்துவதில் போகவில்லை, சுத்தம் பண்ணுவதில் போனது. பட்டியல் பி.டி.எஃப். ஆக வருகிறது, எக்செல் ஆக இல்லை. ஒரே பேட்ச் ஓர் இடத்தில் நடுவே கோடு போட்டு, இன்னோர் இடத்தில் கோடு இல்லாமல். ஆங்கில ஓ எழுத்தும் சைபரும் மாறி மாறி. பட்டியலில் மூலப்பெயர், கடையில் வணிகப்பெயர். முடிவில் எதுவும் மாட்டவில்லை. அதில் பெரிய நிம்மதி இல்லை. பட்டியலில் வருவது மாதிரி எடுத்துச் சோதித்த பேட்ச்கள் மட்டும்தான். 'மாட்டவில்லை' என்றால் 'சோதித்துத் தோற்றதில் இது இல்லை' என்றுதான் அர்த்தம், 'நல்லது' என்று அர்த்தம் இல்லை.

2023 ஆகஸ்ட் 1 முதல் 300 வணிகப்பெயர்களுக்கு க்யூஆர் கோடு கட்டாயம். அதில் பேட்ச், காலாவதி எல்லாம் இருக்கும். நல்ல தொடக்கம். ஆனால் ஆபத்து பெரிய பெயர்களில் மட்டும் இல்லை. ஸ்ரேசன் ஆலையில் நடந்த சோதனையில் 364 குறைபாடுகள் பதிவாயின, அதில் 39 மிகக் கடுமையானவை. இப்படிப்பட்ட சின்ன ஆலைகளின் சரக்குக்குத்தான் கோடு முதலில் வேண்டும்.

240-ல் 234

இதே விஷம் 1937-ல் அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. மாசெங்கில் கம்பெனியின் எலிக்சிர் சல்ஃபானிலமைடு. கம்பெனி முதலில் அனுப்பிய தந்தியில் சரக்கைத் திருப்பி அனுப்பச் சொன்னார்களே தவிர, ஏன் என்று சொல்லவில்லை. உயிருக்கு ஆபத்து என்று சொல்லி இரண்டாவது தந்தி அனுப்ப அரசு வற்புறுத்த வேண்டியிருந்தது. மருந்துத் துறையின் களப்பணியாளர்கள் ஏறக்குறைய எல்லோரும், 239 பேர், தெருவில் இறங்கினார்கள். விற்பனைச் சீட்டுகளைப் புரட்டி, வீடு வீடாகப் போனார்கள். வெளியே போனது 240 கேலன், மீட்டது 234-க்குக் கொஞ்சம் மேல். கணினி இல்லாத காலம்.

அந்த வீரத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அந்த இரண்டு எண்கள். 240, 234. இவ்வளவு போனது, இவ்வளவு வந்தது. மிச்ச ஆறு கேலன், சுமார் 23 லிட்டர், அதுதான் அத்தனை உயிரையும் எடுத்தது. இந்தக் கணக்கு இருப்பதால்தான் அந்த மீட்பு எவ்வளவு வெற்றி, எவ்வளவு தோல்வி என்று இன்றைக்கும் பேச முடிகிறது.

நம்ம மாதாந்திரப் பட்டியலில் அந்த இரண்டு கட்டங்கள் இல்லை. எத்தனை பாட்டில் தயாரானது, எத்தனை திரும்பியது என்று பொதுமக்கள் பார்க்கிற இடத்தில் எதுவும் இல்லை. கம்பெனி இந்தக் கணக்கை அதிகாரிக்குக் கொடுக்க வேண்டும் என்று வழிகாட்டி எதிர்பார்க்கிறது. கொடுத்தால், அதைப் பட்டியலில் சேர்க்க இரண்டு கட்டம் போதும். கொடுக்காவிட்டால், அந்தக் கட்டம் காலியாக இருப்பதே ஒரு தகவல். 'ஒத்துவருகிற அளவுக்கு' என்ற வார்த்தைக்கு அப்போதுதான் ஒரு எண் கிடைக்கும்.

1970களின் தொடக்கத்தில் சென்னையில் குழந்தைகள், 1986-ல் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனை, 2022-ல் இங்கிருந்து போன மருந்தால் காம்பியா. ஒரே விஷம், ஒவ்வொரு முறையும் நாம் பேசுவது உள்ளே எப்படி வந்தது என்பதைத்தான். வெளியே போனது எவ்வளவு திரும்பியது என்பதையும் அதே சத்தத்தில் கேட்கணும்.

அதுவரை வீட்டில் மூன்று பழக்கம் வைத்திருக்கிறோம். முழு அட்டையாக வாங்குவது. பேட்ச் இருக்கும் முனையைக் கடைசியாகக் கிழிப்பது. அம்மா பெயர் போட்டு பில் வாங்குவது. முதல் தடவை பெயர் கேட்டதும் கடைக்காரர் சிரித்தார். இப்போ அவரே, "அம்மா பேர்லதானே சார்?" என்று கேட்டுத் தட்டச்சு செய்கிறார்.