மாம்சமா, ஊனியல்பா?

விவிலியத்தை நான் பக்திக்காகப் படிப்பதில்லை, தமிழுக்காகப் படிக்கிறேன். 1871இல் வந்த பழைய மொழிபெயர்ப்பையும் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் அருகருகே வைத்துப் படிச்சா ஒரு சொல் ரொம்ப உறுத்தும்.

பவுல் எழுதின கிரேக்கத்தில் உடம்புக்கு ரெண்டு சொல். சோமா என்பது உடல். சார்க்ஸ் என்பது தசை. ஆனா இந்த சார்க்ஸை அவர் பல இடங்களில், கடவுளை விட்டு விலகின மனித சுபாவத்துக்குப் பேராக வைக்கிறார். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் சார்க்ஸின் செயல்கள் என்று ஒரு பட்டியல் வரும். காமமும் குடியும் இருக்கு, சரி. பகை, சண்டை, பொறாமை, கோபம், கட்சி பிரிவது இதெல்லாமும் இருக்கே! பாதிக்கு மேல் உடம்பு சம்பந்தப்பட்டதே இல்லை.

பழைய மொழிபெயர்ப்பு இதை 'மாம்சம்' ஆக்கியது. எங்க பக்கம் மாம்சம்னா கறிதான். கேட்கிறவருக்கு உடம்புதான் குற்றவாளி, ஆவி யோக்கியன் என்று படும். பொது மொழிபெயர்ப்பின் 'ஊனியல்பு' இதைவிட எவ்வளவோ மேல். 'இயல்பு' என்று ஒட்டினதுமே பழி உடம்பிலிருந்து சுபாவத்துக்குப் போயிடுது.

ஆனா யோவான் முதல் அதிகாரத்துக்கு வாங்க. கடவுளின் வாக்கு என்னவாக ஆனது என்கிற இடத்திலும் மூலத்தில் அதே சார்க்ஸ்தான். பழையது தயங்காமல் இங்கேயும் மாம்சம் என்கிறது. புதியது 'மனிதர்' என்று நாசூக்காக நகர்ந்துவிடுகிறது. நிரலில் ஒரே மாறிக்கு ரெண்டு இடத்தில் ரெண்டு பேர் வைத்த மாதிரி, தொடர்பு அறுந்துபோச்சு. எங்க ரிஷிவந்தியத்து அர்த்தநாரீஸ்வரருக்குத் தேன் அபிஷேகம் செய்யும்போது லிங்கத்தில் அம்பாள் தெரிவாள் என்பார்கள். அதைக் கேட்டு வளர்ந்த எனக்கு, தெய்வம் தசையாவது கூச்சப்பட வேண்டிய சேதியாகப் படவில்லை. லத்தீன் விசுவாச அறிக்கைகூட கடைசி நாளில் எழுவது 'கார்னிஸ்', அதாவது தசை, என்றே சொல்கிறது. தமிழில்தான் சரீரம், உடல் என்று மரியாதையாக்கிட்டோம்.

இது வெறும் அகராதிச் சண்டை இல்லீங்க. எங்க மாவட்டத்திலேயே இருக்கும் எறையூர், பழைய கத்தோலிக்க ஊர். கல்லறையிலும் சவ ஊர்வலப் பாதையிலும் சாதி பார்க்கிறார்கள் என்பது அங்குள்ள தலித் கிறிஸ்தவர்களின் நெடுநாள் குறை. தனிப் பங்கு கேட்டார்கள். 2008 மார்ச்சில் மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் செத்தார்கள். ஆவியில் எல்லாரும் ஒன்று என்பதில் யாருக்கும் தகராறு இல்லை. செத்த உடம்பு எந்தத் தெரு வழியாகப் போகலாம் என்பதில்தான் தகராறு.

மாம்சம் என்று கேட்டுப் பழகினவருக்கு அந்தப் பட்டியலில் காமமும் குடியும்தான் காதில் விழும், கட்சி பிரிவது விழாது என்று நான் வாதாடலாம். ஆனால் எறையூர் கத்தோலிக்க ஊர். 2008க்குள் அங்கே 'ஊனியல்பு' வாசிக்கத் தொடங்கிப் பத்து வருஷமாவது ஆகியிருக்கும்.