பட்டைக் குறியீட்டுத் தரச் சரிபார்ப்புக் கருவி: ஒரு மதிப்பீடு

பார்கோடு எனப்படும் பட்டைக் குறியீடு எவ்வளவு நன்றாக அச்சாகியுள்ளது என்பதை அளந்து தரப்புள்ளி வழங்கும் கருவி பட்டைக் குறியீட்டுத் தரச் சரிபார்ப்புக் கருவி ஆகும். கடைக் கல்லாவில் உள்ள ஸ்கேனர் குறியீட்டிலுள்ள எண்ணைப் படித்துச் சொல்வதோடு நின்றுவிடும். சரிபார்ப்புக் கருவியோ அந்தக் குறியீட்டை வெவ்வேறு ஸ்கேனர்கள் தடையின்றிப் படிக்க வாய்ப்புள்ளதா என்று கணிக்கும். 1964இல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பெரிய ஆலையானாலும், அருகிலுள்ள திருவேற்காட்டில் மசாலாப் பொடியைப் பொட்டலமிடும் சிறு தொழிலானாலும், பெரிய அங்காடிகளுக்குச் சரக்கு அனுப்பும்போது ஒரே அளவுகோல்தான். ஆகவே இக்கருவி எதை அளக்கிறது, எதை அளப்பதில்லை என்பதை அறிவது அவசியம்.

வரலாறு

1974 சூன் 26 அன்று அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டிராய் நகரில், ஒரு பல்பொருள் அங்காடியில் சூயிங் கம் பாக்கெட்டின் பட்டைக் குறியீடு முதன்முதலாகக் கல்லாவில் படிக்கப்பட்டது. தொடக்க காலத்தில் கோடுகளின் அகலத்தையும், கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள வேறுபாட்டையும் மட்டுமே அளந்தனர். இவ்வளவுகளில் தேறிய குறியீடுகள் கல்லாவில் படிக்கப்படாமல் போனதும், தேறாதவை நன்றாகப் படிக்கப்பட்டதும் உண்டு. இக்குறையைப் போக்க, ஒளி எவ்வாறு திரும்பி வருகிறது என்பதை ஸ்கேனரைப் போலவே ஆராய்ந்து புள்ளியிடும் முறை 1990இல் அமெரிக்கத் தரமாக வந்தது. பின்னர் 2000இல் அது ஐஎஸ்ஓ/ஐஇசி 15416 என்னும் பன்னாட்டுத் தரமாயிற்று. கியூஆர் போன்ற இருபரிமாணக் குறியீடுகளுக்கு ஐஎஸ்ஓ/ஐஇசி 15415 பயன்படுகிறது.

புள்ளியிடும் முறை

கருவி குறியீட்டின் குறுக்கே பத்து இடங்களில் ஒளியைச் செலுத்துகிறது. ஒவ்வோர் இடத்திலும் கருமை வெண்மை வேறுபாடு, கோட்டோரங்களின் தெளிவு, மைப்புள்ளி அல்லது வெற்றிடக் குறைகள், கோட்டகலத் துல்லியம் முதலியவற்றுக்குத் தனித்தனியே 4 முதல் 0 வரை புள்ளி கிடைக்கும். இவற்றுள் மிகக் குறைந்ததே அந்த இடத்தின் புள்ளி. பத்து இடங்களின் சராசரியே இறுதிப் புள்ளி. சில்லறைப் பொருள்களுக்கு ஜிஎஸ்1 அமைப்பு கோரும் குறைந்த அளவு 1.5/06/660. இதில் 1.5 என்பது புள்ளி, 06 என்பது அளக்கும் துளையின் அளவு, 660 என்பது செந்நிற ஒளியின் அலைநீளம் (நானோமீட்டரில்).

எளிமைக்காக முழு எண்களில் ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஐந்து இடங்களில் 2, ஐந்து இடங்களில் 1 என்று வந்தால் சராசரி 1.5, குறியீடு தேறும். நான்கில் 2, ஆறில் 1 என்று வந்தால் 1.4, தேறாது. ஒரே ஓர் இடத்தின் வேறுபாடு முடிவை மாற்றிவிடுகிறது. எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு குறியீட்டை வேறொரு கருவியில் வைத்தால் வேறு முடிவு வரக்கூடும். கருவியைக் குறித்த காலத்தில் அளவுத்திருத்த அட்டையால் சரிசெய்யாவிட்டால் இந்த வேறுபாடு இன்னும் பெருகும்.

வரம்புகள்

முதல் வரம்பு ஒளியைச் சார்ந்தது. செந்நிற ஒளியில் சிவப்புக் கோடுகள் வெள்ளைத் தாளோடு கலந்து மறைந்துவிடும். எனவே குங்கும நிறத்தில் அச்சிட்ட பட்டைகள் கருவியில் தேறமாட்டா. ஆனால் வெண்ணிற ஒளியில் படமெடுக்கும் கைப்பேசி அதே பட்டையைப் படித்துவிடலாம். புள்ளி என்பது குறிப்பிட்ட ஓர் ஒளிக்கு மட்டுமே பொருந்தும்.

இரண்டாவது, பொருளின் நிலை. அச்சகத்தில் தட்டையான உறையைத்தான் அளக்கிறார்கள். பொடி நிரப்பியதும் உறை உப்பும், சுருங்கும். ஒளி ஊடுருவும் உறையில் உள்ளே இருக்கும் பொருளின் நிறமே பின்னணியாகிவிடும். வெப்பத்தால் அச்சாகும் லேபிள், வெயிலில் நின்ற சரக்கு வண்டியில் கருக்கவோ மங்கவோ செய்யும். அச்சான நாளின் புள்ளி இவை எதையும் முன்னறிவதில்லை.

மூன்றாவது, குறியீட்டின் உயரமும் இடமும். கோடுகளின் உயரத்தைப் பாதியாக வெட்டினாலும் புள்ளி குறையாமல் இருக்கலாம். கல்லாவிலோ பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிக் காட்ட நேரிடும். பட்டை உறையின் மடிப்பில் விழுந்தாலும் இதே தொல்லைதான்.

நான்காவது வரம்பே மிகப் பெரியது. எண் வடிவம் விதிப்படி உள்ளதா, சரிபார்ப்பு இலக்கம் பொருந்துகிறதா என்பதைக் கருவி பார்க்கும். அந்த எண் அந்தப் பொருளுக்கு உரியதா என்பது அதற்குத் தெரியாது. மிளகாய்த் தூள் உறையில் மல்லித் தூளின் எண்ணைத் தெளிவாக அச்சிட்டால் 4.0 கிடைக்கும்; கல்லாவில் தவறான விலை விழும். 890 என்று தொடங்கும் எண் இந்தியாவில் செய்த பொருளைக் குறிக்கிறது என்ற பரவலான நம்பிக்கையும் தவறே. எண் ஜிஎஸ்1 இந்தியா வழியாகப் பெறப்பட்டது என்பதையே அது காட்டும்.

மருந்து உறைகளில்

இந்த வரம்பு உயிரோடு தொடர்புடையதாகும் இடம் மருந்து. இந்தியாவில் 300 மருந்து வணிகப் பெயர்களின் உறைகளில் பட்டைக் குறியீடோ கியூஆர் குறியீடோ இருக்க வேண்டும் என்ற விதி 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டு, 2023 ஆகஸ்டு 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்தின் பெயர், தயாரிப்பாளர், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள், உரிம எண் முதலியன அதில் அடங்கும். மருந்து உண்மையானதா என்று அறிய உதவுவதே விதியின் நோக்கம்.

ஆனால் உண்மையான உறையின் குறியீட்டை அப்படியே நகலெடுத்துப் போலி உறையில் நல்ல மையால் அச்சிட்டால், சரிபார்ப்புக் கருவி இரண்டுக்கும் ஒரே புள்ளியைத் தரும். நகலைக் கண்டுபிடிக்க ஒவ்வோர் உறைக்கும் தனி எண் வேண்டும். அந்த எண்ணை ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளம் வேண்டும். அச்சுத் தரம் உயர்வதால் மட்டும் நோயாளிக்குப் பாதுகாப்பு கிடைத்துவிடாது.

மதிப்பீடு

அச்சு உருளையின் தேய்மானத்தையும் மை மிகுதியையும் கண்ணுக்குத் தெரியும் முன்பே காட்டிக்கொடுப்பதில் இக்கருவிக்கு இணை இல்லை. அச்சகத்தில் அதன் இடம் உறுதியானது. குறை, அதன் சீட்டைப் பொருளுக்கான நற்சான்றாக எடுத்துக்கொள்ளும் வழக்கத்தில் இருக்கிறது. 1.4 பெற்ற சரக்கை மறுபரிசீலனையின்றித் திருப்பி அனுப்பினால் சிறு தொழில்முனைவோர் நட்டப்படுவார். 4.0 பெற்றதை எண்ணைக்கூடச் சரிபாராமல் ஏற்றால் வாங்குபவர் ஏமாறுவார்.

நிரப்பி மூடிய பொட்டலத்தையே அளப்பதும், எல்லைப் புள்ளி வந்தால் வேறு மாதிரிகளை மறுபடி அளப்பதும், குறியீட்டின் எண்ணைப் பொருள் பட்டியலோடு ஒருவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் பெரிய செலவில்லாத வழிகள். இவற்றில் கடைசி வேலையை எந்தச் சரிபார்ப்புக் கருவியும் தானாகச் செய்வதில்லை. பொருளைத் தெரிந்த ஒருவர்தான் செய்ய வேண்டும்.