தொட்டி உருவாக்கும் மூர்க்கம்

பிரானா மீனை வீட்டுத் தொட்டியில் வளர்ப்பதற்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய நியாயம் கூறப்படுகிறது. பயணநூல்களும் திரைப்படங்களும் அதைக் கொலைவெறி கொண்ட மீனாகக் காட்டிவிட்டன என்றும், உண்மையில் அது அச்சம் மிகுந்த மீன் என்றும், ஆகவே அதை வீட்டில் வளர்த்து அருகிருந்து பார்ப்பதே அந்தப் பழியைத் துடைக்கும் வழி என்றும் ஆர்வலர்கள் வாதிடுகின்றனர். இவ்வாதத்தின் முற்பகுதி சரியானது. ஆயினும் அதன் முடிவை அந்த முற்பகுதியே தகர்த்துவிடுகிறது.

ஏற்க வேண்டியவற்றை முதலில் ஏற்றுவிடலாம். தியோடர் ரூஸ்வெல்ட் 1914இல் வெளியான தம் பிரேசில் பயணநூலில் உலகின் மிகக் கொடிய மீன் என்று இதைக் குறித்ததும், 1978இல் வந்த ‘பிரானா’ திரைப்படமும் வளர்த்த அச்சத்துக்கு ஆற்றில் போதிய சான்று இல்லை. அமேசான் படுகையில் பரவலாக வாழும் செவ்வயிற்றுப் பிரானா சிறுமீன்களையும் அவற்றின் துடுப்பு, செதில்களையும் உண்பதோடு பூச்சிகளையும் விதைகளையும் தின்று வாழ்கிறது. தேர்ந்த வளர்ப்பாளர்களின் தொட்டிகளில் இவை முட்டையிடுவதும், அப்போது உடல்நிறம் கருமையடைவதும், பெற்ற மீன்கள் முட்டைக்குழியைக் காவல் காப்பதும் காணப்பட்டுள்ளன. மீன்கழிவில் பிறக்கும் அமோனியாவை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றும் நைட்ரஜன் சுழற்சியை இவர்களைப் போல அறிந்தவர் குறைவு. இத்திறமைகள் யாவும் உண்மை.

குறை வேறிடத்தில் உள்ளது, அது அடிப்படையானது. பிரானாக்கள் கூட்டமாகத் திரிவது வேட்டைக்காக என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. பிரேசிலின் மாமிராவா காப்புப் பகுதியில் பணியாற்றிய எல்டர் கெய்ரோஸும் ஆன் மகுரனும் 2005இல் வெளியிட்ட ஆய்வு, அக்கூட்டம் பகைவிலங்குகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் ஏற்பாடாகவும் இருக்கக்கூடும் என்று காட்டியது. இரண்டு, நான்கு, எட்டு எனக் குழுக்களாக வைக்கப்பட்ட மீன்களின் செவுள்மூடி அசையும் வேகத்தை, அதாவது அவற்றின் மூச்சு வேகத்தை, அவர்கள் அளந்தனர். எட்டு மீன்களின் குழு அமைதியாக மூச்சுவிட, இரண்டே மீன்களின் குழு ஓய்வுநிலையிலும் வேகமாக மூச்சுவிட்டது; தாக்குதலைப் போலப் பாவனை செய்து கலைத்தபோது எட்டு மீன்களின் குழுவே விரைவாக இயல்புக்குத் திரும்பியது. அச்சம் மிகுந்த மீன் என்ற ஆர்வலர்களின் கூற்றுக்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. ஆனால் வீட்டு வளர்ப்புக்கு எதிரான வலுவான சான்றும் இதுவே.

காரணம் எளிய கணக்கில் அடங்கும். நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள தொட்டி ஏறத்தாழ 250 லிட்டர் நீரைக் கொள்ளும். வளர்ப்பாளர்களே பரிந்துரைக்கும் அளவான மீன் ஒன்றுக்கு 75 லிட்டர் என்பதை ஏற்றால், முழு வளர்ச்சியில் ஓர் அடி நீளத்தை நெருங்கும் இம்மீன்களில் மூன்றை மட்டுமே அதில் வைக்க முடியும். எட்டு மீன்களுக்கு 600 லிட்டர் தேவை. நீரின் எடை மட்டுமே 600 கிலோ ஆகும் அத்தகைய தொட்டியை வீட்டுக் கூடத்தில் நிறுத்துவோர் மிகச் சிலரே. ஆகவே பெரும்பாலான வீடுகளில் பிரானா வாழ்வது, அதற்கு அச்சம் தீராத எண்ணிக்கையில்தான். அங்கே வலிய மீன் மெலிந்ததைத் துரத்துகிறது. துரத்தப்பட்டது ஆற்றில் விலகிச் சென்றுவிடும், தொட்டியிலோ மூலைக் கண்ணாடியில் முட்டி நிற்கிறது. கடிபட்ட துடுப்பு மீண்டும் வளரும். இழந்த கண் வளராது. காயம் ஆழமானால் உடன் வாழும் மீன்களே அதைத் தின்றுவிடுகின்றன. இதைப் பார்ப்பவர் பிரானாவின் பிறவிக்குணம் என்று எண்ணுகிறார். உண்மையில் அவர் பார்ப்பது இடநெருக்கடியின் விளைவை.

இதன் மேல் ஏற்றப்படும் கொடுமை உயிருள்ள தங்கமீன்களை இரையாக விடும் காட்சி. சில நாள் பட்டினி போட்ட பின் விருந்தினர் முன்னிலையில் இரையைக் கொட்டி, நீர் கலங்குவதைக் காட்டுவது, ரூஸ்வெல்ட் எழுதிய கதையைக் கூடத்தில் மறுபடி அரங்கேற்றுவதே அன்றி வேறில்லை. தங்கமீனின் உடலில் உள்ள தயாமினேஸ் என்னும் நொதி உயிர்ச்சத்து பி1ஐச் சிதைப்பதால் அது தொடர் உணவாகவும் தகாது. ஒட்டுண்ணி நோய்களையும் அது கொண்டுவரலாம். பழி துடைப்பதாகச் சொல்லும் வழக்கம், அப்பழிக்கு நாள்தோறும் புதுச் சான்று தயாரித்துக் கொடுக்கிறது. இந்தியக் கடைகளில் பழந்தின்னியான பாகு மீன்கூடப் பிரானா என்ற பெயரில் விலைபோவது, வாங்குவோர் நாடுவது மீனை அன்று, மூர்க்கத்தின் பெயரையே என்பதற்குப் போதிய அத்தாட்சி.

பல்லாயிரம் லிட்டர் நீரில் பெருங்கூட்டமாக வைக்கும் பொது மீன் காட்சியகங்களுக்கு இக்குறை அதே அளவில் பொருந்தாது. வீட்டில் அமேசானைக் காண விரும்புவோருக்கு, அதே படுகையில் பிறந்த, நான்கு சென்டிமீட்டருக்கும் குறைவான நியான் டெட்ரா இருக்கிறது; அதே நான்கு அடித் தொட்டியில் அது நாற்பது ஐம்பதாகக் கூடி அச்சமின்றித் திரியும். பிரானாவின் மீது உண்மையான பரிவு கொண்டவர், அது அஞ்சும் மீன் என்று ஊருக்கு உரைப்பதோடு நில்லாமல், அஞ்சும் மீனை மூன்றாக அடைத்துவைப்பதையும் கைவிட வேண்டும்.